மலையேறும் பழைய காருக்குக் கண்ணாடி தெளிய வேண்டும்
அம்பாசிடர் ஹீட்டரைச் சீர்செய்து பயன்படுத்தும் முறை



காளப்பநாயக்கன்பட்டி, சேந்தமங்கலம் வட்டாரத்தில் மிளகு, காபி, பலா, அன்னாசி, சாமை, தினை வியாபாரம் செய்கிறவர்களுக்குக் கொல்லிமலை புதிய இடமல்ல. சரக்கு டெம்போவில் வந்துவிடும். ஆனால் சரக்கைக் கண்ணால் பார்க்கவும், கணக்கு முடிக்கவும், முன்பணம் கொடுக்கவும் முதலாளிதான் மேலே போக வேண்டியிருக்கிறது. காரவள்ளி அடிவாரத்தைத் தாண்டினால் 70 கொண்டை ஊசி வளைவுகள். ஐப்பசி, கார்த்திகை மழையிலும், மார்கழி, தை விடியற்காலையிலும் பாதி வழிக்கு மேல் மேகம் சாலையிலேயே படுத்திருக்கும். வெளியே மூட்டம் இருந்தால் மெதுவாகப் போகலாம், ஒதுங்கி நிற்கலாம். முன்கண்ணாடியின் உள்பக்கம் மூட்டம் பிடித்தால் என்ன செய்வது? ஒரு கையில் ஸ்டியரிங், மறு கையில் துண்டு என்று வளைவில் திரும்புகிறவர்களை நாம் எல்லோரும் பார்த்திருக்கிறோம்.

நம்மவர்கள் பலரிடம் இன்னும் பழைய அம்பாசிடர் இருக்கிறது. அதில் சில வண்டிகளில் ஹீட்டர் பெட்டியும் இருக்கிறது. "நம் ஊர் வெயிலுக்கு ஹீட்டர் எதற்கு?" என்று அதன் குழாயை அடைத்து விட்டிருப்பார்கள். ஹீட்டரின் முதல் வேலை உடம்புக்குச் சூடு கொடுப்பது அல்ல. முன்கண்ணாடியைத் தெளிவாக வைப்பதுதான். மலைப்பாதையில் பிரேக்கும் டயரும் எவ்வளவு அவசியமோ அவ்வளவு அவசியம் இதுவும். அதைச் சீர்செய்யும் முறையை வரிசையாக எழுதுகிறேன். நீங்களே செய்ய வேண்டும் என்பதில்லை. பட்டறையில் விடும்போது எதைக் கேட்டு வாங்க வேண்டும் என்று தெரிந்திருந்தால் போதும்.

கண்ணாடி ஏன் வியர்க்கிறது?

வெயிலில் காய்ந்த மிளகைச் சூடு ஆறாமல் பிளாஸ்டிக் பையில் கட்டினால், பையின் உள்பக்கம் நீர் கோத்துக்கொள்ளும். குளிர்பதனப் பெட்டியிலிருந்து எடுத்து மேஜையில் வைத்த சோடா பாட்டில் வியர்க்கும். காரின் கண்ணாடியும் அப்படித்தான். காற்று சூடாக இருந்தால் அதிக ஈரத்தைத் தாங்கும், குளிர்ந்தால் தாங்காது. ஒரு கன மீட்டர் காற்று 30 டிகிரியில் சுமார் 30 கிராம் நீராவியைத் தாங்கும். 20 டிகிரியில் சுமார் 17 கிராம். 10 டிகிரியில் சுமார் 9 கிராம்தான்.

அடிவாரத்திலிருந்து ஏறக்குறைய ஆயிரம் மீட்டர் உயரம் ஏறும்போது வெப்பம் ஆறு டிகிரி அளவு குறையும். மழையும் சேர்ந்தால் கண்ணாடி இன்னும் குளிரும். உள்ளே நான்கு பேர் மூச்சு விடுகிறார்கள். நனைந்த குடையும், காலடியில் ஈரச் சாக்கும் கிடக்கின்றன. மழைக்குப் பயந்து எல்லாக் கண்ணாடியையும் ஏற்றி விட்டிருக்கிறோம். அந்த ஈரம் முழுவதும் குளிர்ந்த முன்கண்ணாடியில் படிகிறது. துணியால் துடைத்தால் அடுத்த வளைவுக்குள் மீண்டும் படியும். கண்ணாடியின் மேல் சூடான காற்றைத் தொடர்ந்து ஊதினால் இரண்டு வேலை நடக்கிறது. கண்ணாடி சூடாகிறது. படிந்த ஈரத்தை அந்தக் காற்று எடுத்துக்கொண்டு போகிறது.

ஹீட்டரின் உள்ளே என்ன இருக்கிறது?

இதற்குத் தனியாக எரிபொருள் தேவையில்லை. என்ஜினைக் குளிர்விக்கும் தண்ணீர் எப்படியும் கொதிநிலைக்குப் பக்கத்தில் இருக்கிறது. அதில் கொஞ்சத்தை என்ஜின் ஹெட்டிலிருந்து ஒரு குழாய் வழியாக எடுத்து, கையகல ரேடியேட்டர் ஒன்றின் உள்ளே ஓடவிட்டு, மறு குழாய் வழியாகத் திருப்பி அனுப்புகிறார்கள். இந்தச் சின்ன ரேடியேட்டரை ஹீட்டர் கோர் என்பார்கள். பின்னால் ஒரு சிறு மின்விசிறி, அதாவது பிளோயர், காற்றை அதன் வழியே தள்ளும். சூடான காற்று ஒரு மடல் வழியாகக் காலடிக்கோ, முன்கண்ணாடியின் அடியில் உள்ள நீளமான பிளவுகளுக்கோ போகும். தண்ணீரைத் திறந்து மூட ஒரு டேப் இருக்கும். கோர், டேப், பிளோயர், பெட்டி, காற்றுக் குழாய்கள் என்று ஐந்து பாகங்கள்தான் மொத்த விஷயமும்.

எல்லாக் கார்களிலும் இந்த முறை இல்லை. ஜெர்மனியின் வோக்ஸ்வேகன் பீட்டில் காரில் தண்ணீரே கிடையாது. அங்கே புகைக்குழாயைச் சுற்றி வந்த காற்றைத்தான் உள்ளே அனுப்பினார்கள். அதன் தகடு அரித்தால் புகையும் உள்ளே வந்துவிடும். தண்ணீர் ஹீட்டரில் அந்த ஆபத்து குறைவு. ஆனால் அறவே இல்லை என்று சொல்ல முடியாது. அதைப் பின்னால் சொல்கிறேன்.

அம்பாசிடர், இங்கிலாந்தின் மோரிஸ் ஆக்ஸ்போர்டு காரை ஒட்டி உருவானது. மேற்கு வங்காளம் உத்தரபாராவில் இந்துஸ்தான் மோட்டார்ஸ் தொழிற்சாலையில் செய்தார்கள். 2014-ஆம் ஆண்டு மே மாதம் உற்பத்தி நின்றது. ஹீட்டர் எல்லா வண்டிகளிலும் இருந்ததில்லை. அந்த நாளில் இங்கிலாந்திலேயே பல கார்களுக்கு ஹீட்டர் தனி விலை கொடுத்து வாங்க வேண்டிய பொருளாகத்தான் இருந்தது. ஆகவே உங்கள் வண்டியில் பெட்டி இருந்தால், பழைய இரும்பு என்று எடைக்குப் போடாதீர்கள்.

கழற்றுவதற்கு முன் கைவைத்துப் பாருங்கள்

என்ஜினைச் சூடேற்றி, டேப்பை முழுக்கத் திறந்து, பெட்டிக்குப் போகும் இரண்டு ரப்பர் ஹோஸையும் கவனமாகத் தொட்டுப் பாருங்கள்.

இரண்டும் சூடு, ஆனால் காற்று வரவில்லை என்றால் பிளோயரிலோ காற்றுக் குழாயிலோ கோளாறு.

ஒன்று சூடு, மற்றது குளிர்ச்சி என்றால் கோர் அடைத்திருக்கிறது, அல்லது உள்ளே காற்று சிக்கியிருக்கிறது.

இரண்டுமே குளிர்ச்சி என்றால் டேப் இறுகிவிட்டது, அல்லது யாரோ வழியை அடைத்திருக்கிறார்கள்.

இரண்டும் வெதுவெதுப்பாக மட்டும் இருந்தால் என்ஜினில் தெர்மோஸ்டாட் இல்லை என்று சந்தேகிக்கலாம். நம் பக்கத்தில் வெயிலுக்குப் பயந்து தெர்மோஸ்டாட்டைக் கழற்றி எறிவது வழக்கமாகிவிட்டது. அது இல்லாவிட்டால் தண்ணீர் சூடேற நேரமாகும், பெட்ரோல் அதிகம் குடிக்கும், ஹீட்டரும் வேலை செய்யாது. புதிதாக வாங்கினால் ஒரு பழைய பாத்திரத்தில் தண்ணீர் ஊற்றி, அதில் நூலில் கட்டித் தொங்கவிட்டு, வெப்பமானி வைத்துச் சூடேற்றிப் பாருங்கள். 82 என்று எழுதியிருந்தால் அந்த டிகிரியை ஒட்டித் திறக்க ஆரம்பிக்க வேண்டும்.

கண்ணாடியைத் துடைக்கும்போது பிசுபிசுப்பாக இருந்து, உள்ளே இனிப்பு வாசனையும் அடித்தால் அது வெறும் மூச்சு ஈரம் அல்ல. கோர் ஒழுகி, கூலன்ட் ஆவியாக வந்து கண்ணாடியில் படிகிறது. அந்த வண்டியைச் சரிபார்க்காமல் மலையேற்றாதீர்கள்.

கழற்றும் வேலை

என்ஜின் நன்றாக ஆறிய பிறகுதான் ரேடியேட்டர் மூடியைத் தொட வேண்டும். தண்ணீரை ஒரு தொட்டியில் இறக்குங்கள். கூலன்ட் கலந்த தண்ணீர் விஷம். அதில் உள்ள எத்திலீன் கிளைக்கால் இனிப்பாக இருக்கும். நாயோ மாடோ நக்கினால் செத்துப்போகும், குழந்தைகளுக்கும் அதே ஆபத்து. மளிகைக் கடைக்காரர்களுக்கு இங்கே ஒரு வார்த்தை. இதை எண்ணெய் டின்னிலோ, குளிர்பானப் பாட்டிலிலோ ஊற்றிக் கடையில் வைக்கவே கூடாது.

பேட்டரி இணைப்பைக் கழற்றுங்கள். எந்த முனை பாடியில் இணைந்திருக்கிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். இங்கிலாந்து மாதிரியில் வந்த பழைய வண்டிகள் சிலவற்றில் பாசிட்டிவ் முனையைப் பாடியில் கொடுத்திருப்பார்கள். அது தெரியாமல் புதிய மோட்டாரை இணைத்தால் விசிறி தலைகீழாகச் சுற்றலாம்.

வருடக் கணக்கில் ஒட்டிப்போன ஹோஸை இழுத்துப் பிடுங்கக் கூடாது. கோரின் பித்தளை மூக்கு மெல்லியது, முறிந்துவிடும். ஹோஸைக் கத்தியால் நீளவாக்கில் கீறி உரித்து எடுங்கள். ஹோஸ் எப்படியும் புதிதாகத்தான் போட வேண்டும்.

கோர் சுத்தம்

நம் வட்டாரத்துப் போர் தண்ணீர் உப்பு மிகுந்தது. வருடக் கணக்கில் அதையே ரேடியேட்டரில் ஊற்றியிருந்தால், வெந்நீர்ப் பானையின் அடியில் படிவது போலவே கோரின் உள்ளும் சுண்ணாம்பு படிந்திருக்கும். முதலில் குழாய்த் தண்ணீரை ஒரு பக்கத்திலிருந்தும், பிறகு எதிர்ப் பக்கத்திலிருந்தும் விட்டுத் துரு, சேறு போகும்வரை கழுவுங்கள்.

மிச்சமுள்ள சுண்ணாம்புக்கு மருந்து நம் கடையிலேயே இருக்கிறது. ஒரு லிட்டர் வெதுவெதுப்பான தண்ணீரில் 50 கிராம் எலுமிச்சை உப்பு, அதாவது சிட்ரிக் அமிலம், கலந்து கோரில் நிரப்பி அரை மணி நேரம் வையுங்கள். நுரை அடங்கியதும் கொட்டிவிட்டு, ஆப்பச்சோடா கரைத்த தண்ணீரால் ஒருமுறையும், வெறும் தண்ணீரால் பலமுறையும் கழுவுங்கள். இது செம்பு, பித்தளைக் கோருக்குச் சொன்னது. கக்கூஸ் கழுவும் ஆசிட்டை எந்தக் கோரிலும் ஊற்றாதீர்கள். பித்தளையையும் ஈயப் பற்றையும் அரித்துவிடும். அலுமினியக் கோரானால் காஸ்டிக் சோடாவைக் கிட்டவே கொண்டுபோகக் கூடாது.

அடுத்தது ஒழுக்குச் சோதனை. ஒரு மூக்கை அடைத்து, மறு மூக்கில் சைக்கிள் பம்பினால் மெதுவாகக் காற்று ஏற்றி, வாளித் தண்ணீரில் முக்குங்கள். ரேடியேட்டர் மூடியில் எழுதியிருக்கும் அழுத்தத்துக்கு மேல் போகக் கூடாது. குமிழி வரும் இடத்தில் சுண்ணாம்புக் கட்டியால் அடையாளம் வைத்து ரேடியேட்டர் பட்டறையில் ஈயப் பற்று வைக்கச் சொல்லுங்கள். கேஸ் வெல்டிங் வேண்டாம், அந்தச் சூட்டில் பக்கத்துப் பற்றுகளும் உருகிவிடும். நான்கைந்து இடங்களில் ஒழுகினால் பற்று வைத்துப் பயனில்லை. பழைய அளவைக் கொடுத்துப் புதிய கோர் செய்து வாங்குவது நல்லது.

டேப்பைப் பிரித்து ரப்பர் வாஷரை மாற்றி, கேபிள் தடையில்லாமல் ஓடுகிறதா என்று பாருங்கள். பழைய கேஸ்கெட் கல்நார் கலந்ததாக இருக்கலாம். அதை உலர்ந்த நிலையில் தேய்த்துத் தூசி கிளப்பாமல், நனைத்துச் சுரண்டி எடுக்கச் சொல்லுங்கள்.

பிளோயர்

மோட்டார் பெரும்பாலும் எரிந்திருக்காது. ஓடாமல் கிடந்து இறுகியிருக்கும். தூசியைத் துடைத்து, கார்பன் பிரஷ் தேய்ந்திருந்தால் மாற்றி, பிரஷ் உரசும் செம்பு வளையத்தை மெல்லிய உப்புத்தாளால் துடைத்து, அச்சின் இரு முனையிலும் ஒரு சொட்டு மெஷின் எண்ணெய் விட்டால் பெரும்பாலும் ஓடும். அதிகம் விட்டால் பிரஷ் கெடும். வெளியே வைத்தே பேட்டரியில் கொடுத்துப் பத்து நிமிடம் ஓடவிட்டு, மீட்டரில் எத்தனை ஆம்பியர் எடுக்கிறது என்று பாருங்கள். அந்த அளவுக்கேற்ற பியூஸ் தனியாக வைக்க வேண்டும்.

பழைய டைனமோ உள்ள வண்டிக்காரர்கள் ஒரு கணக்கை நினைவில் வைக்க வேண்டும். 45 வாட் ஹெட்லைட் இரண்டும் சேர்ந்து ஏழரை ஆம்பியர் எடுக்கும். வைப்பரும் பிளோயரும் அதற்கு மேல். டைனமோ நல்ல வேகத்தில்தான் சுமார் 20 ஆம்பியர் தரும். மெதுவாக நின்று நின்று ஏறும்போது தராது. பேட்டரி பலவீனமாக இருந்தால் மழை இரவில் முதலில் மங்குவது ஹெட்லைட்தான்.

பெட்டியும் குழாயும்

மளிகைக்காரர் வண்டியில் எலிக்குப் பஞ்சமில்லை. பருப்பும் கடலையும் சிந்தும் இடத்துக்கு அது வராமல் இருக்குமா? ஹீட்டர் பெட்டியைத் திறந்தால் சணல் நார், கடலைத் தோல், காகிதம் என்று ஒரு கூடே கிடக்கும். பிளோயர் சூட்டில் அது புகையவும் செய்யும். முழுவதும் எடுத்துவிட்டு, தகட்டின் துருவைத் தேய்த்து ரெட் ஆக்சைடு பூசுங்கள். காற்று உள்ளே வரும் வாயில் மெல்லிய கம்பி வலை அடித்தால் எலி திரும்ப வராது.

கண்ணாடிக்குக் காற்றுக் கொண்டுபோகும் சுருள் குழாய்கள் இரண்டும் பெரும்பாலும் கிழிந்திருக்கும். பெட்டி எவ்வளவு நன்றாக இருந்தாலும் இந்தக் குழாய் கிழிந்திருந்தால் காற்று டாஷ்போர்டுக்கு அடியிலேயே போய்விடும், கண்ணாடிக்கு வராது. ஆகவே இதைப் புதிதாகப் போட்டு, இரு முனையிலும் கிளிப் மாட்டுங்கள். மடல் ஓரத்துப் பஞ்சுப் பட்டையையும் மாற்றுங்கள்.

புகையைப் பற்றிச் சொல்கிறேன் என்றேன். என்ஜினுக்கும் உட்காரும் இடத்துக்கும் நடுவேயுள்ள தகட்டில் ஹோஸ், கேபிள், வயர் போகும் துளைகள் இருக்கின்றன. அவற்றின் ரப்பர் வளையங்கள் போய், சைலன்சர் இணைப்பிலும் கசிவு இருந்தால், பிளோயர் அந்தப் புகையை உள்ளே இழுக்கும். அதில் உள்ள கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. தலைவலி, தூக்கக் கலக்கம் என்று தொடங்கி ஆளையே கொன்றுவிடும். ஹீட்டர் வேலை முடியும் அன்றே எல்லாத் துளைகளுக்கும் புதிய ரப்பர் போட்டு, சைலன்சர் இணைப்புகளையும் பார்த்துவிட வேண்டும். இதில் சிக்கனம் வேண்டாம்.

திரும்ப மாட்டி நிரப்புதல்

சூடு தாங்கும் ஹீட்டர் ஹோஸ் என்று கேட்டு வாங்குங்கள். தோட்டத்துக் குழாய், பெட்ரோல் குழாய் இரண்டும் ஆகாது. போர் தண்ணீருக்குப் பதில் பேட்டரிக்கு ஊற்றும் சுத்தத் தண்ணீரில் கூலன்ட் கலந்து ஊற்றுங்கள். கொதிக்கும் நிலையை உயர்த்தும், துருவையும் தடுக்கும். ஆயிரத்து இருநூறு மீட்டர் உயரத்தில் வெறும் தண்ணீர் திறந்த பாத்திரத்தில் 96 டிகிரியிலேயே கொதித்துவிடும் என்பதை நினைத்தால், மூடியின் அழுத்தமும் கூலன்ட்டும் ஏன் அவசியம் என்று புரியும்.

நிரப்பும்போது டேப் முழுக்கத் திறந்திருக்க வேண்டும். மெதுவாக ஊற்றி, என்ஜினைச் சற்று உயர்ந்த வேகத்தில் ஓடவிட்டு, ஹோஸை அமுக்கி அமுக்கி விடுங்கள். உள்ளே சிக்கிய காற்று குமிழியாக வெளியேறி, மட்டம் இறங்கும். மேலும் ஊற்றுங்கள். இரண்டு ஹோஸும் ஒரே மாதிரி சூடானால் காற்று போய்விட்டது. முதல் நாள் சமவெளியிலேயே ஓட்டிப் பார்த்து, ஆறிய பின் மட்டத்தைச் சரிபார்த்துவிட்டுத்தான் மலைக்குப் போக வேண்டும்.

மலையில் எப்படி உபயோகிப்பது?

காரவள்ளியிலேயே டேப்பைத் திறந்து, மடலைக் கண்ணாடிப் பக்கம் திருப்பி, பிளோயரைப் போட்டுவிடுங்கள். மூட்டம் பிடித்த பிறகு போடுவதைவிட, பிடிக்காமல் தடுப்பது சுலபம். பக்கக் கண்ணாடியை ஒரு விரல் அளவு இறக்கி வைத்தால் ஈரம் வெளியேறும். முன்கண்ணாடியின் உள்பக்கத்தை முதல் நாளே சோப்புத் தண்ணீரில் கழுவித் துடையுங்கள். அழுக்குக் கண்ணாடியில் மூட்டம் சீக்கிரம் பிடிக்கும்.

இன்னொரு லாபமும் உண்டு. ஏற்றத்தில் வெப்பமுள் சிவப்பை நோக்கிப் போனால் ஹீட்டரை முழுக்கத் திறந்து பிளோயரை ஓடவிடுங்கள். இரண்டாவது ரேடியேட்டர் போல அது என்ஜின் சூட்டைக் கொஞ்சம் இழுக்கும். உள்ளே வியர்க்கும், பரவாயில்லை. அப்படியும் இறங்காவிட்டால் ஒதுக்கி நிறுத்தி ஆறவிட வேண்டியதுதான். இறங்கும்போது தாழ்ந்த கியரில் வருவோம், பெட்ரோல் அதிகம் எரியாது, ஆகவே ஹீட்டர் சூடும் குறையும். அது கோளாறு அல்ல.

டூல் பையில் ஹோஸ் அளவுக்கு ஒரு சாண் இரும்புக் குழாயும் இரண்டு கிளிப்பும் வைத்திருங்கள். நடு வழியில் கோர் ஒழுகினால், என்ஜின் ஆறியதும் இரண்டு ஹோஸையும் கோரிலிருந்து கழற்றி, இந்தக் குழாயால் ஒன்றோடொன்று இணைத்து, தண்ணீர் நிரப்பிக்கொண்டு வீடு வந்து சேரலாம். கோடையிலும் மாதம் ஒருமுறை டேப்பைத் திறந்து மூடுங்கள். இல்லாவிட்டால் மறுபடி இறுகிவிடும்.

ஹீட்டரே இல்லாத வண்டிக்கு

சிகரெட் லைட்டரில் சொருகும் மின் ஹீட்டர் விற்கிறார்கள். 150 வாட் என்றால் பன்னிரண்டரை ஆம்பியர் இழுக்கும். ஆனால் தண்ணீர் ஹீட்டர் இரண்டாயிரம் வாட் அளவுக்குச் சூடு தரக்கூடியது. இரண்டையும் ஒப்பிட்டால் வாங்கலாமா கூடாதா என்று வியாபாரிக்குச் சொல்ல வேண்டியதில்லை. வேறு காரின் முழு ஹீட்டர் பெட்டியை வாங்கி, தேர்ந்த மெக்கானிக்கிடம் பொருத்தலாம். அதுவரை கண்ணாடியின் உள்பக்கம் மெல்லியதாகச் சோப்புத் தேய்த்து உலர்ந்த துணியால் மெருகேற்றினால் சிறிது நேரம் மூட்டம் தாங்கும். ஆனால் அதை நம்பி இரவுப் பயணம் போக வேண்டாம்.

50 வருடம் கடந்த வண்டி வைத்திருப்பவர்களுக்குக் கடைசியாக ஒன்று. 2021-ஆம் ஆண்டு ஜூலையில் மத்திய அரசு வின்டேஜ் வண்டிகளுக்குத் தனிப் பதிவு முறை கொண்டுவந்தது. புதுப் பதிவுக்குக் கட்டணம் 20,000 ரூபாய் என்று வைத்தார்கள். அதற்கு வண்டி பழைய உருவத்திலேயே இருக்க வேண்டும். அப்படிப் பதிந்த வண்டியைக் கண்காட்சி, பேரணி போன்றவற்றுக்குத்தான் சாலையில் எடுக்கலாம், அன்றாட உபயோகத்துக்கும் வியாபாரத்துக்கும் ஓட்டக் கூடாது. மலைக்குப் போய்வர வண்டி வேண்டும் என்கிறவர்கள் சாதாரணப் பதிவையே வைத்துக்கொள்ள வேண்டும். அது 15 வருடத்துக்குப் பின் ஐந்தைந்து வருடமாகப் புதுப்பிக்க வேண்டியது.

ஐப்பசி அடைமழை தொடங்கிய பிறகு பட்டறையைத் தேடினால் எல்லோரும் அங்கேதான் நிற்பார்கள். ஆடி, ஆவணியிலேயே வண்டியை விட்டு வேலையை முடித்துக்கொள்வது நல்லது. மிளகு விலை இன்று இறங்கினால் நாளை ஏறும். கண்ணாடி தெரியாமல் திரும்பிய ஒரு வளைவை மறுபடி திரும்ப முடியாது.